மானம் டாட் டி.எல்.எல்.

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஏற்காட்டுக்கு வந்ததில்லை என்று தெரிகிறது. எதிரே நிற்பவரிடம் "ரூம் இல்லை" என்பதை நாம் சொல்லாமல், நம் முகம் சுளிக்காமல், நமக்கு ஒரு பாவமும் ஒட்டாமல் சொல்லிவிடுகிற வழி ஒன்று உண்டு. அதுவே தலையாய கண்டுபிடிப்பு. அது 1995-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் செங்கோடன் லாட்ஜின் வரவேற்பறையில் நிகழ்ந்தது. செங்கோடன் என்பது நான்தான்.

லாட்ஜில் பதினாறு அறைகள். ஏழாம் எண் அறையிலிருந்து ஏரி முழுவதும் தெரியும், பனி மூட்டம் சம்மதித்தால். முன்பு இதை அத்தாயி என்ற அம்மையார் நடத்தி வந்தார். நல்லவர், ஆனால் நிர்வாகம் தெரியாதவர். யார் வந்து நின்றாலும் பெயர்கூடக் கேட்காமல், சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். பிள்ளையில்லாத அவர் 1971-இல் லாட்ஜை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுக் காலமானார். 'அத்தாயி விடுதி' என்றிருந்த பெயரைச் 'செங்கோடன் லாட்ஜ்' என்று மாற்றி அவர் நினைவைப் போற்றினேன்.

எங்கள் குடும்பம் மானத்துக்குப் பெயர் போனது. எங்கள் வகையறாவில் கல்யாணம் என்றால் பெரியவர்கள் பார்த்து, பெண் கேட்டு, பத்திரிகை அடித்து, ஊர் கூடி நடப்பது. என் திருமணம் மட்டும் 1962-இல் சற்று எளிமையாக நடந்தது. காலம் அப்படி. பத்திரிகை அடிக்கவில்லை. போட்டோ எடுக்கவில்லை. உறவினர்களுக்கு வீண் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

இப்படிப்பட்ட குடும்பத்தில் 1994-இல் ஓர் இடி விழுந்தது. என் மகள் ராஜேஸ்வரி, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிற மாரிசாமி என்பவரோடு, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் செம்மநத்தம் கிராமத்துக்குக் குடிபோய்விட்டாள். மறுநாளே தாலுக்கா ஆபீஸுக்குப் போய் ரேஷன் கார்டில் அவள் பெயரை நீக்கினேன். இனி இந்த வாசலில் அவள் நிற்கக் கூடாது என்றேன். என் மனைவி கிருஷ்ணம்மாள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அன்று சமையலில் உப்பு இல்லை. அடுத்த இரண்டு மாதமும் இல்லை.

சொந்த மகளைத் தடுக்க முடியாதவன் ஊரார் மகள்களையாவது தடுக்க வேண்டாமா? சமவெளியிலிருந்து ஓடி வருகிற ஜோடிகளுக்கு ஏற்காடு என்றால் அப்படி ஒரு மோகம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டால் அப்பா அம்மா ஏற மாட்டார்கள் என்று நினைப்பு. எங்கள் மேனேஜர் கந்தசாமிக்கு இளகிய மனசு. பெண் அழுதால் அவரும் அழுவார். ஆகவே அழாத ஓர் அலுவலர் தேவைப்பட்டார்.

என் தம்பி மகன் தங்கராஜ் அப்போது சேலத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தான். அவனை வரவழைத்தேன்.

"ஓடி வந்த ஜோடி எது, கட்டிக்கிட்ட ஜோடி எதுன்னு கம்ப்யூட்டர் சொல்லோணும். எழுது."

"கம்ப்யூட்டருக்கு அது எப்படிங்க பெரியப்பா தெரியும்?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அதுக்குத்தான் நான் சொல்றேன். எழுதிக்கோ."

நான் வகுத்துக் கொடுத்த விதியை இன்று நினைத்தாலும் எனக்கே மெய் சிலிர்க்கிறது. கல்யாணத்துக்கு முன் ஒரு பெண்ணின் இனிஷியல் அவள் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. கல்யாணம் ஆனதும் கணவன் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெண் இனிஷியலை மாற்றிக்கொள்வாள். ஓடி வந்தவளுக்கு அதற்கு ஏது நேரம்? ஆகவே அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, ஆணின் பெயர், பெண்ணின் பெயர், பெண்ணின் இனிஷியல் மூன்றையும் தட்ட வேண்டியது. பெண்ணின் இனிஷியலும் ஆணின் முதல் எழுத்தும் ஒத்துப்போனால், "ரூம் உண்டு. வருக." ஒத்துப்போகாவிட்டால், "ரூம் இல்லை. இந்த ஜோடியைப் பெற்றோரிடம் ஒப்படைக்கவும்."

தங்கராஜ் இதை சி என்ற மொழியில் எழுதினான். அந்தப் புரோகிராமுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றான். 'மானம்' என்று வைக்கச் சொன்னேன். பிறகு அதைக் 'கம்பைல்' செய்தான். அதாவது, மனிதர் படிக்கிற எழுத்தாக இருந்ததை மெஷினுக்கு மட்டும் புரிகிற ஒரு மூடிய டப்பாவாக ஆக்கினான். டப்பாவின் பெயர் மானம் டாட் டி.எல்.எல். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து ஒருவரும் பார்க்க முடியாதாம். எங்கள் குடும்பத்தின் மானமும் அப்படிப்பட்டதுதான் என்பதால் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவன் போகும்போது ஒரு பிளாப்பியை நீட்டினான். "இதுதானுங்க சோர்ஸ். நான் எழுதுனது அப்படியே இருக்குது. நொம்பப் பத்திரமா வெச்சுக்கோங்க பெரியப்பா. நாளைக்கு ஏதாச்சும் மாத்தோணும்னா இது இல்லாம முடியாதுங்க."

"மாத்துறதுக்கு அதுல என்ன இருக்குது?"

"மனுசன் எழுதுனதுங்களே."

அந்தப் பதில் எனக்குக் கவலையளித்தது. மாற்ற முடியும் என்றால் என்றைக்காவது எவனாவது மாற்றிவிடுவான். அவன் கம்ப்யூட்டரில் இருந்த நகலை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். பிளாப்பியைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அன்று வெந்நீர் நன்றாகக் கொதித்ததாக எட்டாம் எண் அறைக்காரர் பாராட்டினார்.

அடுத்த மூன்று ஆண்டுகள் எங்கள் லாட்ஜின் பொற்காலம். கந்தசாமி அழுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்திருந்தேன்: "நான் சொல்லலைங்க, கம்ப்யூட்டர் சொல்லுது." அதைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இரண்டு கிலோ எடையும் கூடியது.

விலக்கப்பட்ட ஜோடிக்காக ஓர் 'ஒப்படைப்புப் படிவம்' ஏற்பாடு செய்தேன். கம்ப்யூட்டர் "ரூம் இல்லை" என்றதும் பிரிண்டர் தானாகவே அதை அச்சடித்துத் தரும். அடியில் 'பொறுப்பேற்பவர் கையொப்பம்' என்று ஓர் இடம். யாராவது பெரியவர் வந்து அதில் கையெழுத்துப் போட்டு ஜோடியை அழைத்துப் போகலாம். மனிதாபிமானம் வேண்டும் என்று நானே சேர்த்த அம்சம் இது. ஆனால் ரூம் கிடைக்காதவர்கள் வரவேற்பறையில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அது ஒழுங்கு வேண்டும் என்று நானே சேர்த்த அம்சம். நாற்பத்தொரு ஜோடிகளைக் கண்டுபிடித்து மலையிறக்கினோம். நாற்பத்தொரு படிவங்களும் கோப்பில் இருக்கின்றன. ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை. இக்காலப் பெரியவர்களின் பொறுப்பின்மைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

விமர்சனங்கள் வராமல் இல்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் தம்பதி, பேத்தியோடு வந்தவர்கள், மலையிறக்கப்பட்டார்கள். அந்த அம்மாள் தகப்பனார் இனிஷியலையே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சுங்க," என்றார் பேராசிரியர்.

"இருக்கலாமுங்க," என்றார் கந்தசாமி. "கம்ப்யூட்டருக்கு இன்னும் ஆகலைங்க."

இன்னொரு முறை ஓர் இளஞ்ஜோடியைக் கம்ப்யூட்டர் வரவேற்றது. நானே பாயசம் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாள் ஒரு வேனில் பெண்ணின் தகப்பனார் எட்டுப் பேரோடு வந்து இறங்கினார். விசாரித்ததில், பையன் பெயரும் அவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கியிருந்தன. கம்ப்யூட்டர் மேல் என்ன தவறு? மகளைப் பெற்றவர் தம் பெயரை யோசித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

1998-இல் என் மகன் சேகர் பெங்களூரிலிருந்து ஆறு மாதப் படிப்பு ஒன்றை முடித்துக்கொண்டு வந்தான். லாட்ஜுக்கு 'வெப் பேஜ்' வைக்கப்போகிறேன் என்றான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் செங்கோடன் லாட்ஜில் ரூம் கேட்கலாம் என்றான். உலகத்தின் எந்த மூலைக்கும் இல்லை என்று சொல்லலாம் என்பது எனக்கு உடனே புரிந்தது. சம்மதித்தேன்.

"வாசல்ல நின்னு பேசறதுக்கு ஜாவாஸ்கிரிப்ட்னு ஒண்ணு இருக்குதுங்கப்பா. எல்லாத்தையும் அதுலயே புதுசா எழுதிரலாமுங்க."

"மானத்தை எவனும் புதுசா எழுத வேண்டாம். இருக்கறதையே வெச்சுக்கோ."

"அப்ப தங்கராஜ் அண்ணன் எழுதுன சோர்ஸைக் குடுங்க."

வெந்நீர் அடுப்பின் திசையைக் காட்டினேன். சேகர் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்கப்பா. அப்ப ஒரே வழிதான். ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்துக்கிட்டே அந்தக் கம்பைல் பண்ணுன டப்பாவைக் கூப்பிடோணும்."

அதெப்படி என்று கேட்டேன். அவன் விளக்கிய விதம், ஏதோ ஒரு நல்ல குடும்பத்தின் நடைமுறையைக் கேட்பது போல இருந்தது. சி என்பது உள்ளே இருக்கிற பெரியவர். அவருக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் உலகில் அது தொண்ணூறுக்குச் சமம். ஜாவாஸ்கிரிப்ட் பிறந்து மூன்று வயதுகூட ஆகவில்லை. சின்னவன் பெரியவரிடம் நேராகப் போய்ப் பேச முடியாது. இந்த டப்பாவில், இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார் என்று முதலில் செர்வரில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் சந்திப்பு இல்லை.

"பதிவு பண்ணுன பின்னால?"

"நாம குடுக்கறதை எல்லாம் எழுத்தா மாத்தி உள்ள அனுப்புமுங்க. வயசு நாப்பதுன்னு எண்ணாக் குடுத்தாலும் எழுத்தாத்தான் போகும். பதிலும் எழுத்தாத்தான் வரும்."

"வாய்ப்பேச்சே கிடையாது?"

"கிடையாதுங்க."

"உள்ள என்ன நடந்துச்சுன்னு இந்தச் சின்னப் பயலுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்கப்பா. பதில் மட்டும் தெரியும்."

"ஏன்னு கேக்குமா?"

"கேக்க முடியாதுங்க."

"மூணு வயசு நெறயல. பாரு அடக்கத்தை. உனக்கு இருபத்திநாலு."

சேகர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒரு ஆபத்தும் இருக்குதுங்க. சி உள்ள ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா, அது மட்டும் விழாது. செர்வரே சேர்ந்து விழுந்துரும்."

பெரியவர் விழுந்தால் வீட்டில் மற்றவர்களுக்கு நிற்க என்ன உரிமை? இது ஆபத்தல்ல, பண்பாடு என்று அவனுக்கு விளக்கினேன்.

அப்போதுதான் அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்பா, சி இல்லைன்னு பதில் அனுப்புனாலும், அதை வெளியில காட்டறது ஜாவாஸ்கிரிப்ட்தானுங்க. அதுல ஒரே ஒரு வரி சேர்த்தாப் போதும், உண்டுன்னு காட்டிரலாம். அக்கா வந்தா..."

வாக்கியத்தை முடிக்க விடவில்லை. பூஜை அறைக்கு இழுத்துப்போய்ச் சூடம் ஏற்றி, அதன் மேல் சத்தியம் வாங்கினேன். உள்ளேயிருந்து சி என்ன சொன்னாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்ல வேண்டும். இடையில் யாருக்காகவும் ஒரு வரியும் சேர்க்கக் கூடாது. சேகர் சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியத்துக்குக் காரணம் இருந்தது. வைகாசி மாதம் எனக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணம் ஏற்பாடாகியிருந்தது. இந்த முறை பத்திரிகை அடித்தேன், ஐந்நூறு. போட்டோகிராபருக்குச் சொன்னேன், இரண்டு பேருக்கு. சத்தியத்துக்கு முந்தைய வாரம், ஏற்பாடெல்லாம் முடிந்தபோது, கிருஷ்ணம்மாள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"ஏனுங்க. ராஜி வராம நான் மணையில உக்கார மாட்டனுங்க."

"ஊர் கூடப்போகும்போது இப்படிப் பேசலாமா?"

"ஊரே வருது. எம்புள்ள மட்டும் வரக்கூடாதுங்களா? நீங்க தனியா உக்காந்து தாலி கட்டிக்கோங்க."

முப்பத்தாறு ஆண்டுகளில் அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. மணமகள் இல்லாத மணவறையை ஐந்நூறு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எனக்கு ஒரு நியாயமான வழி தோன்றியது.

"நான் தடுக்கவில்லை. மற்றவர்களைப் போல அவளும் வந்து ரூம் கேட்கட்டும். கம்ப்யூட்டர் கொடுத்தால் தங்கட்டும், மறுநாள் கல்யாணத்தில் நிற்கட்டும். கொடுக்காவிட்டால் நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும்."

ஓடிப்போனவள் ஓடிப்போனவள்தான். மானத்தை ஏமாற்ற முடியாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

"கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் ஏத்துக்குவீங்களா?"

"ஏற்றுக்கொள்வேன்."

"என்ன சொன்னாலுமுங்களா?"

"என்ன சொன்னாலும்."

அவள் சேகரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா சாமி?" என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வெப் பேஜின் துவக்க விழா. லாட்ஜ் உரிமையாளர்கள் சங்கத் தலைவர் மரியஅந்தோணி தலைமை தாங்கினார். இருபது உரிமையாளர்கள் வந்திருந்தார்கள். எல்லோருமே தங்கள் லாட்ஜுகளிலும் இதே டப்பாவை வைக்க விரும்பினார்கள். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தோம். சாமந்தி இதழ்கள் கீபோர்டுக்குள் விழுவதாகச் சேகர் முறையிட்டதால் மாலை பிரிண்டருக்கு மாற்றப்பட்டது. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். மனிதன் பொய் சொல்வான், முகம் பார்ப்பான், இரங்குவான்; மானம் இரங்காது என்றேன். கைதட்டினார்கள்.

அப்போது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ராஜேஸ்வரியும் மாரிசாமியும் உள்ளே வந்தார்கள். நான்கு ஆண்டுகள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.

"ரூம் வேணுமுங்க," என்றாள், கந்தசாமியைப் பார்த்து. "ஒரு நாளைக்கு. ரெண்டு பேரு."

கந்தசாமி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அவள் வாக்காளர் அட்டையை எடுத்து வைத்தாள். சேகர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். ஆண் பெயர், மாரிசாமி. பெண் பெயர், ராஜேஸ்வரி. இனிஷியல்...

"மா.," என்று படித்தார் கந்தசாமி. "மா. ராஜேஸ்வரி."

ஜாவாஸ்கிரிப்ட் போய்க் கூப்பிட்டது. உள்ளே பெரியவர் யோசித்தார். மூன்று நொடி.

"ரூம் உண்டு. வருக."

கிருஷ்ணம்மாள் எழுந்து போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாரிசாமி செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் நின்றார். கந்தசாமி ஏழாம் எண் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பழைய வியாதி.

"சேகரு," என்றேன். "வரி ஏதாச்சும் சேர்த்தியா?"

"சத்தியமா இல்லீங்கப்பா. அக்கா கல்யாணத்தைப் பதிவு பண்ணுன கையோட இனிஷியலை மாத்திருச்சு. நீங்க வெச்ச விதிதானுங்க."

சபையில் ஒரு சிரிப்பு ஓடியது. மரியஅந்தோணி தொண்டையைக் கனைத்தார். "உங்க மக ஓடிப்போன புள்ளைன்னு பேசிக்கிட்டாங்களே செங்கோடண்ணே. கம்ப்யூட்டர் நல்ல குடும்பம்னு சொல்லுதுங்க."

மானம் காற்றில் ஊசலாடுகிற இந்த மாதிரி நேரத்தில் ஒரு குடும்பத் தலைவன் என்ன செய்வான்? முன்னுதாரணமாக நிற்பான். கல்யாணமான தம்பதி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தச் சபை பார்க்கட்டும் என்றேன். நாளை மணவறையில் அமரப்போகிற எங்களுக்கு எட்டாம் எண் அறையைப் பதிவு செய்யும்படி ஆணையிட்டேன்.

சேகர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அப்பா, வேண்டாமுங்க. நம்ம ஊடு பின்னாலதான இருக்குது. ரூம் எதுக்குங்க?"

"போடு."

"அம்மா ஓட்டு கார்டுல..."

"போடு சாமி," என்றாள் கிருஷ்ணம்மாள். "அப்பா ஆசைப்படறாரு."

ஆண் பெயர், செங்கோடன். பெண் பெயர், கிருஷ்ணம்மாள். அட்டையைக் கையில் வாங்கிய கந்தசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலாவது வேறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"இனிஷியல்... ந. போட்டிருக்குதுங்க."

அது அவள் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. அவர் பெயரை நான் முப்பத்தாறு ஆண்டுகளாக உச்சரித்ததில்லை. அவரும் என் பெயரை உச்சரித்ததில்லை, உச்சரித்தபோதெல்லாம் முன்னால் வேறு வார்த்தைகள் இருந்ததாகக் கேள்வி.

மூன்று நொடி.

"ரூம் இல்லை. இந்த ஜோடியைப் பெற்றோரிடம் ஒப்படைக்கவும்."

பிரிண்டர் மாலையோடு ஒரு முறை குலுங்கி, கர்ர் கர்ர் என்று அச்சடிக்கத் தொடங்கியது. ஒரு படிவம் அச்சாக இவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை.

"மாத்துடா."

"உள்ள மாத்த முடியாதுங்கப்பா. சோர்ஸ் வெந்நீராப் போச்சு."

"வெளியில அந்த ஒரு வரியைச் சேரு."

"சூடத்து மேல சத்தியம் பண்ணிருக்கனுங்க."

"அது உன் அக்காவுக்காக வாங்கின சத்தியம்."

"யாருக்காகவும்னு சொன்னீங்களே."

மரியஅந்தோணி நிஜமான அக்கறையோடு குனிந்தார். "ஏனுங்க அண்ணே, இத்தனை வருசத்துல அண்ணிக்கு இனிஷியலை மாத்தியிருக்கலாமுங்களே?"

ஆவணங்களைத் தேவையில்லாமல் திருத்துவது எங்கள் குடும்ப வழக்கமல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். கிருஷ்ணம்மாள் முந்திக்கொண்டாள்.

"மாத்தப் போனமுங்க. தாலுக்கா ஆபீஸ்ல கல்யாணப் பத்திரிகை கேட்டாங்க. பத்திரிகைக்கு நான் எங்கங்க போறது? எங்கப்பாவுக்கே பத்து நாளு கழிச்சுத்தான் தெரியும்."

அவள் யாரையும் குற்றம் சொல்கிற குரலில் பேசவில்லை. அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"சேலத்துல இருந்து காலியா மேல ஏறுன காப்பி லாரிங்க. சாக்கு மேல உக்காந்து வந்தம். மழை வேற. இவரு என் தலைக்கு ஒரு சாக்கைப் போட்டுட்டு அவரு நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. அஞ்சு இடத்துல கேட்டமுங்க. ஒருத்தரும் ரூம் குடுக்கல. ஆறாவதா இந்த வாசல். அத்தாயி அக்கா எங்களை மேலயும் கீழயும் பாத்துச்சு. 'சாப்டியா கண்ணு'ன்னு கேட்டுச்சு. ஏழாம் நம்பர் சாவியைக் குடுத்துச்சு. அவ்வளவுதானுங்க எங்க கல்யாணம்."

ராஜேஸ்வரி தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக நானும் அவளைப் பார்க்க வேண்டியதாயிற்று. காலண்டரை யாரோ மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தெரியாதுங்கப்பா," என்றாள். "தெரிஞ்சிருந்தா ஓடிப்போறதுக்கு எந்த லாரின்னு உங்ககிட்டயே விசாரிச்சிருப்பேன்."

மாரிசாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். நல்ல வளர்ப்பு என்று அன்றுதான் கவனித்தேன்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கந்தசாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். பிறகு பிரிண்டரிலிருந்து படிவத்தைக் கிழித்து இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

"முதலாளி. பத்து நிமிசம் ஆகப்போகுதுங்க. ரூம் இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாதுங்க."

"கந்தசாமி."

"நான் சொல்லலைங்க," என்றார் அவர், மிகுந்த தெளிவோடு. "கம்ப்யூட்டர் சொல்லுது."

நான் மூன்று ஆண்டுகள் பயிற்சி கொடுத்த ஊழியர். ஒரு குறையும் சொல்ல முடியாது.

"பெத்தவங்க யாராச்சும் இருக்காங்களாங்க?" என்று படிவத்தின் கேள்விகளை அவர் முறைப்படி தொடர்ந்தார். என் தாய் தந்தையர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவள் பிறந்த வீட்டிலும் இப்போது யாரும் இல்லை. அறுபது வயதில் என்னைப் பொறுப்பேற்க ஒரு பெரியவரைத் தேடி அந்த வரவேற்பறையைச் சுற்றிப் பார்த்தேன். மரியஅந்தோணி தம் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருபது உரிமையாளர்களில் இருவர் ஏற்கனவே படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், லாரியில் உட்கார்ந்திருந்த அதே பக்கம்.

"குடுங்க," என்றாள் ராஜேஸ்வரி.

கந்தசாமியின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். படிவத்தை முழுவதும் படித்தாள். அடியில் இருந்த இடத்தில் மா. ராஜேஸ்வரி என்று எழுதினாள். "ஏழாம் நம்பர்ல கூட ரெண்டு பாய் போட்டுக்கலாமுங்களா அண்ணா?" என்று கந்தசாமியைக் கேட்டாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "சாப்டீங்களா?" என்றாள்.

மறுநாள் கல்யாணம் சிறப்பாக நடந்தது. சங்கத்தினர் அந்த டப்பாவை வாங்கும் யோசனையைக் கைவிட்டார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஓர் அடையாள அட்டை இருக்கும்போலும். சேகர் அந்த ஒரு வரியை இன்றுவரை சேர்க்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். நான்தான் மானம் டாட் டி.எல்.எல்.-ஐ மொத்தமாக எடுத்துவிடச் சொன்னேன். இப்போது வாசலில் ஜாவாஸ்கிரிப்ட் நிற்கிறது. கூப்பிட உள்ளே யாரும் இல்லை.

படிவக் கோப்பு மட்டும் என் மேஜையில் இருக்கிறது. நாற்பத்திரண்டு படிவங்கள். கடைசி ஒன்றில் பொறுப்பேற்பவர் கையொப்பம் இருக்கிறது. மற்ற நாற்பத்தொன்றிலும் அந்த இடம் காலி. இத்தனை நாள் அது பெற்றவர்களின் பொறுப்பின்மை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடக்கூடிய ஒரு பெரியவர் அந்த நாற்பத்தொரு முறையும் அதே வரவேற்பறையில்தான் இருந்தார். அத்தாயியின் நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.